புறாமலையில் மாடப்புறா எண்ணுவது எப்படி?

மொரீசியஸில் 17ஆம் நூற்றாண்டில் அழிந்த டோடோவும் புறாக் குடும்பம்தான். கரைக்கு வெகு தொலைவில், துரத்தும் விலங்கு இல்லாத தீவில் வாழ்ந்து வாழ்ந்து பறக்கவே மறந்த பறவை அது. கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் அதன் முட்டையைத் தின்றன. திருகோணமலையின் நிலாவெளிக்கு நேரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவு கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். புறா நினைத்தால் வந்து போகும் தூரம். இங்கே தனி இனம் உருவாகாது. ஆனால் ஊர்ப்புறா வந்து கலந்துகொண்டே இருந்தால் காட்டு மாடப்புறா சாகாமலே இல்லாமல் போகும். அதனால் தலையோடு நிறத்தையும் எண்ண வேண்டும்.

2003 முதல் இது தேசியப் பூங்கா. நுழைவுச்சீட்டை நம்பிப் போகாதீர்கள். ஆய்வுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தில் முதலே எழுத்தில் அனுமதி எடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. வாடை தொடங்கினால் வள்ளம் போகாது.

பாறையிலிருந்து 30 மீற்றராவது தள்ளி இரண்டு பேர் அசையாமல் இருங்கள். ஒருவர் 8×42 தொலைநோக்கியால் இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்துச் சொல்ல, மற்றவர் கொப்பியில் எழுதட்டும். அரை மணிக்கு ஒரு சுற்று. சுற்றுகளைக் கூட்டினால் ஒரே புறா நாலு தரம் வரும். ஆகக் கூடிய எண்ணை மட்டும் எடுங்கள். நிறத்தை உட்கார்ந்திருக்கும் புறாவில் மட்டும் பாருங்கள். சாம்பல் உடல், மடித்த சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை என்றால் காட்டு நிறம். சிறகில் கட்டம் கட்டமாகப் புள்ளி, செங்கல் நிறம், வெள்ளை இறகு என்றால் ஊர்க்கலப்பு. ஐரோப்பியக் கையேடுகள் இடுப்பு வெள்ளை என்று சொல்லும். நம் பக்கத்து மாடப்புறாவுக்கு அங்கேயும் சாம்பல்தான். காட்டு நிறம் கண்டதும் கலப்பே இல்லையென்று முடிவு கட்டவேண்டாம், அதை மரபணுதான் சொல்லும்.

கூட்டுக்குக் கிட்டப் போகவே வேண்டாம். தாய் எழும்பினால் இரண்டு முட்டையும் வெயிலுக்கும் காகத்துக்கும்தான்.

எலி இருக்கிறதா என்று அறிய, நெளி பிளாஸ்டிக் அட்டையின் துளைகளில் கச்சான் பட்டர் பூசி, தரையிலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் கட்டுங்கள்; ஆணி அடிக்கக் கூடாது. எலி கொறித்தால் முன்பல் தடம் சோடியாக விழும். எறும்பு தின்றால் அட்டையில் காயமே இராது. ஓர் இரவில் அகப்படும் வாய்ப்பு பாதியென்றால், மூன்று இரவு வைத்தும் எலி தப்ப 12.5 வீதம் இடமுண்டு. ஐந்து இரவில் அது 3 வீதமாகும். ஒரே இரவு வைத்துவிட்டு “எலி இல்லை” என்று எழுதாதீர்கள். எத்தனை அட்டை, எத்தனை இரவு என்று எழுதுங்கள். வள்ளத்தில் ஏற்றுமுன் உங்கள் பெட்டிகளையும் கரையிலேயே திறந்து உதறுங்கள்.