குக்கீயை மொத்தமாக அழிக்காதீர்கள்: தேவையானதை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துவது எப்படி?

ஒருநாள் பிரவுசர் மெதுவாக ஓடுகிறதே என்று கடுப்பாகி, கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். வந்த பெட்டியில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு, ‘ஆல் டைம்’ என்று கொடுத்து ஒரேயடியாகத் துடைத்துவிட்டேன். அப்புறம் மின்னஞ்சலைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். அடுத்து போனுக்கு வந்த எண்ணைக் கேட்டது. போனோ பழுதுபார்க்கப் போயிருந்தது. மூன்று நாள் என் அஞ்சலை நானே பார்க்க முடியவில்லை. பிரவுசர் வேகமும் இம்மியளவு கூடவில்லை.

அன்று நான் அழித்தது குப்பையை மட்டுமல்ல, சாவிக்கொத்தையும் சேர்த்துத்தான். குக்கீகளில் இரண்டும் கலந்தே கிடக்கும். அவற்றைப் பிரித்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில், குக்கீ என்றால் என்ன?

இணையதள சர்வருக்கு ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால் தரும். அடுத்த நொடி இன்னொரு பக்கம் கேட்டால், யாரோ புதிதாக வந்தவர் என்று நினைக்கும். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி என்ற நெறிமுறையே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. இணையத்தில் கடை போட வந்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. கூடையில் போட்ட பொருளை யார் போட்டார்கள் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்?

1994-ல், பிரவுசர் தயாரித்துவந்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலைபார்த்த லூ மாண்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பொருள் வைப்பறையில் பையைக் கொடுத்தால் டோக்கன் தருவார்கள் இல்லையா, அதே கதைதான். சர்வர் பதில் அனுப்பும்போது கூடவே ஒரு சின்னத் துண்டு எழுத்தையும் அனுப்பும். பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, அதே தளத்துக்கு மறுபடி போகும்போதெல்லாம் காட்டும். சர்வர் டோக்கன் எண்ணைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். நிரலாளர்கள் இப்படிப்பட்ட டோக்கனை ஏற்கெனவே ‘மேஜிக் குக்கீ’ என்று அழைத்து வந்தார்கள், பெயர் அங்கிருந்து வந்தது.

குக்கீ ஒரு நிரல் அல்ல, வைரஸும் அல்ல. ஒரு குக்கீயின் அளவே சுமார் 4,096 பைட்டுக்குள்தான். அதை அழித்து பிரவுசரை வேகமாக்க நினைத்தது என் அறியாமை.

படி 1: கண்ணால் பாருங்கள்

கணினியில் குரோமைத் திறந்து, நீங்கள் லாகின் செய்திருக்கும் ஏதாவது ஒரு தளத்துக்குப் போங்கள். பாஸ்வேர்டு கைவசம் இருக்கிற தளமாக இருக்கட்டும். எஃப்12 விசையை அழுத்தினால் ஒரு பலகை திறக்கும். அதில் ‘அப்ளிகேஷன்’ என்ற பகுதிக்குப் போய், இடப்பக்கம் ‘குக்கீஸ்’ என்பதன் கீழ் அந்தத் தளத்தின் முகவரியைச் சொடுக்குங்கள். ஓர் அட்டவணை வரும்.

ஒவ்வொரு வரியும் ஒரு குக்கீ. முதலில் பெயர், அடுத்து மதிப்பு. மதிப்பு பெரும்பாலும் அர்த்தமில்லாத நீண்ட எழுத்துக் குவியலாக இருக்கும், அதுதான் டோக்கன் எண். அதற்கடுத்து எந்தத் தளத்துக்குரியது, எப்போது காலாவதியாகும் என்ற விவரங்கள். காலாவதி இடத்தில் ‘செஷன்’ என்றிருந்தால், பிரவுசரை மூடினால் போய்விட வேண்டியது. (விட்ட இடத்திலிருந்து தொடரும்படி பிரவுசரை அமைத்து வைத்திருந்தால், அதுவும் மூடித் திறந்த பின்பும் உயிரோடுதான் இருக்கும்.)

இப்போது பெயரில் ‘செஷன்’ (session) அல்லது ‘ஆத்’ (auth) போன்ற சொல் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, டெலீட் விசையைத் தட்டுங்கள். பக்கத்தைப் புதுப்பியுங்கள். நீங்கள் வெளியே தள்ளப்பட்டிருந்தால், அழித்தது சாவி. ஒன்றும் ஆகவில்லை என்றால் வேறொரு வரியை முயன்று பாருங்கள். ஐந்து நிமிட விளையாட்டுதான், ஆனால் எத்தனை படித்தாலும் புரியாதது இதில் புரிந்துவிடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை: அந்த மதிப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள், எங்கும் ஒட்டாதீர்கள். அது இருந்தால் பல தளங்களில் பாஸ்வேர்டே தேவையில்லை. எஃப்12 அழுத்தி அதிலுள்ளதை நகலெடுத்து அனுப்பச் சொல்லி யாராவது கேட்டால், அவர் உங்களுக்கு உதவ வந்தவர் இல்லை.

படி 2: வெளியாள் குக்கீயை நிறுத்துங்கள்

ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கத்திலுள்ள விளம்பரப் படம் விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. படத்தோடு அந்த சர்வரும் ஒரு குக்கீயை வைத்துவிட்டுப் போகிறது. பிறகு நீங்கள் செருப்பு விற்கும் தளத்துக்குப் போகிறீர்கள். அங்கேயும் அதே நிறுவனத்தின் விளம்பரம் என்றால், அதே டோக்கன் எண் மறுபடி அதன் கைக்குப் போகும். இரண்டு இடத்துக்கும் வந்தவர் ஒரே ஆள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. பார்த்த செருப்பு போகிற இடமெல்லாம் பின்னாலேயே வரும் ரகசியம் இதுதான். இதற்குத்தான் மூன்றாம் தரப்புக் குக்கீ என்று பெயர். லாகினுக்கோ கூடைக்கோ இது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

சஃபாரி 2020 மார்ச் முதல் இவற்றைத் தானாகவே தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஜாடி வைத்து, ஒன்றிலுள்ளதை இன்னொன்று பார்க்க முடியாதபடி செய்துவிட்டது. குரோம்தான் இழுத்தடித்தது. இரண்டே ஆண்டில் எடுத்துவிடுவோம் என்று 2020-ல் சொன்னார்கள், பலமுறை தள்ளிப்போட்டார்கள், 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டார்கள். ஆகவே குரோம் வைத்திருப்பவர்கள் தாங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

கணினியில்: மூன்று புள்ளி, செட்டிங்ஸ், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘தேர்ட் பார்ட்டி குக்கீஸ்’. அங்கே தடுக்கும் தேர்வைச் சொடுக்குங்கள். ஆண்ட்ராய்டு போனில்: மூன்று புள்ளி, செட்டிங்ஸ், ‘சைட் செட்டிங்ஸ்’, ‘தேர்ட் பார்ட்டி குக்கீஸ்’. ஐபோன் சஃபாரியில் ‘பிரிவென்ட் கிராஸ்-சைட் டிராக்கிங்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சஃபாரியின் செட்டிங்ஸில் ‘பிளாக் ஆல் குக்கீஸ்’ என்றும் ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள், எந்தத் தளத்திலும் லாகின் நிற்காது.

இதற்குப் பிறகு ஏதாவது ஒரு தளம் மக்கர் செய்தால், அதற்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். அதே பக்கத்தில் அந்த வசதியும் இருக்கிறது.

படி 3: ஒரே ஒரு தளத்தை மட்டும் துடைப்பது

ஒரு தளம் லாகின் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் குக்கீயை அழிக்கச் சொல்வார்கள். சரிதான், ஆனால் அந்தத் தளத்தினுடையதை மட்டும். குரோமில் முகவரிப் பட்டையின் இடது ஓரத்திலிருக்கும் குறியைத் தட்டி, ‘குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஆன்-டிவைஸ் சைட் டேட்டா’ என்று போய் குப்பைத்தொட்டி குறியைச் சொடுக்குங்கள். அவ்வளவுதான். மற்ற சாவிகள் பத்திரமாக இருக்கும்.

படி 4: சம்மதம் கேட்கும் பெட்டி

பக்கம் திறந்ததும் பாதித் திரையை மறைக்கும் அந்தப் பெட்டி ஐரோப்பியச் சட்டங்களின் விளைவு. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆனாலும் ‘அக்செப்ட் ஆல்’ பளிச்சென்றும், மறுப்பது மங்கலாகவும் இருக்கும். மறுப்பது ஏற்பதைப் போலச் சுலபமாக இல்லை என்று 2022 ஜனவரியில் பிரான்சின் தரவுக் கண்காணிப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது.

‘ரிஜெக்ட் ஆல்’ கண்ணில் பட்டால் அதைத் தட்டுங்கள். இல்லாவிட்டால் ‘மேனேஜ்’ என்று தொடங்கும் பொத்தானுக்குள் ஒளிந்திருக்கும். இதில் ஒரு வேடிக்கை: நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னதையும் தளம் பெரும்பாலும் ஒரு குக்கீயில்தான் குறித்துவைக்கும். அடிக்கடி எல்லாவற்றையும் துடைப்பவரிடம் அது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

படி 5: பிறர் கணினியில்

இன்காக்னிட்டோ ஜன்னலில் லாகின் செய்யுங்கள். வேலை முடிந்ததும் அந்த வகை ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடினால் அதிலுள்ள குக்கீகள் போய்விடும். மூடுவதற்கு முன் மறக்காமல் லாக் அவுட் செய்யுங்கள். குக்கீயை அழித்தால் உங்கள் பக்கத்து டோக்கன் மட்டும்தான் கிழியும், சர்வரின் கணக்கில் அந்த எண் செல்லுபடியாகவே இருக்கலாம். லாக் அவுட் கொடுத்தால் பொதுவாக சர்வர் பக்கத்திலும் அது ரத்தாகும். ஏற்கெனவே எங்கேயோ லாகின் செய்து மறந்து வந்திருந்தால், பெரிய தளங்களில் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எந்தெந்தக் கருவியில் உள்ளே இருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும். அங்கிருந்தபடியே அந்தக் கணினியை வெளியேற்றிவிடலாம்.