கீழே கிடக்கும் குஞ்சைக் கையில் எடுக்கும் முன்

நான் முதன்முதலில் காப்பாற்ற நினைத்தது ஒரு குருவிக் குஞ்சை. தாகமாக இருக்குமே என்று இங்க் ஃபில்லரில் தண்ணீர் எடுத்து வாயில் விட்டேன். மூக்குத் துளையில் ஒரு குமிழி வந்தது. இரண்டு முறை வாயைத் திறந்து திறந்து மூடியது. அவ்வளவுதான், உள்ளங்கையிலேயே போய்விட்டது. குஞ்சின் நாக்கு முடியும் இடத்தில், பின்பக்கமாகச் சின்னக் கீறல் போல ஒரு துளை திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். நாம் விடும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்து எனக்கு ஒரே வரிசைதான்: பார்ப்பது, காத்திருப்பது, பெட்டியில் வைப்பது, போன் செய்வது. தீனி கொடுப்பது இந்த வரிசையிலேயே கிடையாது.

படி 1: தள்ளி நின்று பாருங்கள்

ரத்தம், தொங்கும் இறக்கை, உடம்பில் ஈ மொய்ப்பது, பக்கத்திலேயே தாய் செத்துக் கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே உதவி வேண்டும். பூனை கவ்விய பறவையும் அப்படித்தான். வெளியே காயமே தெரியாவிட்டாலும் பூனையின் எச்சிலில் உள்ள பாக்டீரியா ஓரிரு நாளில் கொன்றுவிடலாம். அன்றைக்கே மருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் அவசரப்படாதீர்கள். உடம்பெல்லாம் இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகும் குஞ்சு பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. தாய் தகப்பன் பக்கத்திலேயே இருந்து இரை கொடுக்கும். ரோட்டில் கிடந்தால் அருகிலுள்ள புதரில் வைத்துவிட்டு விலகுங்கள். இறகே இல்லாமல், கண் திறக்காமல் கிடந்தால் கூட்டிலிருந்து விழுந்தது. கூடு எட்டினால் திரும்ப வையுங்கள். மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல.

மானும் முயலும் குட்டியைப் புல்லில் மறைத்துவிட்டு வேண்டுமென்றேதான் தள்ளிப் போகின்றன. தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டி அநாதை என்று தூக்கி வந்தால், தாயிடமிருந்து பிரித்தவர்கள் நாம்தான்.

பூனைக்குட்டிகளைப் பார்த்தாலும் இதேதான். அவற்றைச் சுற்றி வட்டமாகக் கொஞ்சம் மாவு தூவிவிட்டு மறைந்துகொள்ளுங்கள். சில மணி நேரம் கழித்து மாவில் பாதத்தடம் இருந்து, குட்டிகள் வயிறு நிரம்பித் தூங்கினால் தாய் வந்து போயிருக்கிறது. விடாமல் கத்துகின்றன, தொட்டால் சில்லென்று இருக்கின்றன என்றால் இனிக் காத்திருக்க வேண்டாம்.

படி 2: முதலில் உங்கள் பாதுகாப்பு

கனமான துணியைத் தலையோடு போர்த்தித் தூக்குங்கள். கண் மறைந்தாலே பாதி மிரட்சி அடங்கும். கழுகு, ஆந்தைக்குக் கால் நகம்தான் ஆயுதம். கொக்கு, நாரை கண்ணைப் பார்த்துக் குத்தும், முகத்தைத் தள்ளி வையுங்கள். வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது.

அடிபட்ட நாய் வலியில் யாரையும் கடிக்கும். பலகையிலோ விரித்த போர்வையிலோ நகர்த்தி ஏற்றுங்கள். துணியால் வாயைக் கட்டலாம், ஆனால் வாந்தி எடுத்தாலோ மூச்சு திணறினாலோ கட்டாதீர்கள். பாலூட்டி எது கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது அரிதிலும் அரிது.

படி 3: பெட்டி

அட்டைப்பெட்டி போதும். காற்றுத் துளைகளை விலங்கை உள்ளே வைக்கும் முன்பே போட்டுவிடுங்கள். அடியில் பழைய பனியன் துணி விரியுங்கள். துவாலை வேண்டாம், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டும். வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். பாட்டில் ஆறியதும் மாற்றுங்கள், ஆறிய பாட்டில் அதன் உடம்புச் சூட்டையே இழுத்துக்கொள்ளும்.

மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தடவிக்கொடுக்காதீர்கள், அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். காட்டு உயிருக்கு நம் குரல் வேட்டைக்காரனின் குரல். கண்ணாடியில் மோதி மயங்கிய பறவை சில சமயம் ஓரிரு மணி நேரம் இப்படி இருந்தாலே தேறிவிடும். வெளியே கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். பறக்கவில்லையென்றால் மருத்துவரிடம்தான்.

படி 4: போன்

நாய், பூனை என்றால் கால்நடை மருத்துவர் அல்லது விலங்கு நல அமைப்பு. காட்டு உயிர் என்றால் வனத்துறை அல்லது வனவிலங்கு மறுவாழ்வு மையம். பல நாடுகளில் காட்டு உயிரை அனுமதியில்லாமல் வீட்டில் வைத்துக்கொள்வதே குற்றம். போட்டோ, கண்ட நேரம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதோடு எடுத்த இடத்தையும் துல்லியமாகச் சொல்லுங்கள். குணமானபின் பெரும்பாலும் அங்கேதான் கொண்டுவந்து விடுவார்கள். "எங்களால் முடியாது" என்றால் போனை வைக்காமல், "வேறு யாரைக் கூப்பிடலாம்?" என்று கேளுங்கள். எனக்குப் பல தடவை அந்த இரண்டாவது நம்பரில்தான் ஆள் கிடைத்தது.

உதவி வரத் தாமதமானால்

மருத்துவர் போனில் சொன்னால் மட்டும் ஊட்டுங்கள். பசும்பால் பூனைக்குட்டிக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். அதற்கென்று உள்ள பால்பவுடரே சரி. குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குச் செரிக்காது, முதலில் உடம்பு சூடாக வேண்டும். மல்லாத்தாமல் குப்புற வைத்து ஊட்டுங்கள். மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்லத் துடைத்துவிட வேண்டும், தாய் நக்கிவிடுவது அதற்குத்தான்.

வீட்டு வளர்ப்பு வழிதவறி வந்திருந்தால்

கழுத்துப்பட்டையில் எண் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அரிசி அளவு சிப், தோளுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும். அது இருக்குமிடம் காட்டாது, ஓர் அடையாள எண்ணை மட்டும் தரும். அதை வைத்து உரிமையாளரைத் தேடுவார்கள்.

அறிவிப்பு ஒட்டும்போது ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் எழுதாமல் விடுங்கள். என்னுடையதுதான் என்று பலர் கூப்பிடலாம். இடது பின்னங்காலில் ஒரு நகம் மட்டும் வெள்ளை என்று கேட்காமலே சொல்பவர்தான் உண்மையான சொந்தக்காரர்.