வீடு தர மறுத்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

"தமிழா? சரி, ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன்." கொழும்பில் வாடகைக்கு அனெக்ஸ் (ஓனர் வீட்டோடு ஒட்டிய சின்னக் குடியிருப்பு) தேடிய எங்கள் ஆட்களில் இதைக் கேட்காதவர் குறைவு. நான் நுகேகொடைப் பக்கம் தேடியபோது ஒரு புரோக்கர் அட்வான்ஸ் வரைக்கும் பேசி முடித்தார், அடையாள அட்டைப் பிரதியை அனுப்பினேன், அதோடு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அடுத்த நாள் என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் அதே இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தார். வீடு காலியாகத்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்களாம். எங்கே போய்ச் சொல்வது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, உங்களை மறுத்தது தனியாளா, அரசா என்பதை. மற்ற எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் "ஒரு முறைப்பாடு போடுங்கோ, பிடிச்சிடுவாங்கள்" என்பார். அங்கே 1968இல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டம் தனியார் வீட்டு உரிமையாளரையும் பெரும்பாலும் கட்டுப்படுத்துகிறது. ஒரு வருடத்துக்குள் வீட்டுவசதித் திணைக்களத்துக்கு முறையிடலாம், திணைக்களமே விசாரித்துக் குற்றம் சாட்டும், தேவையென்றால் நீதித் திணைக்களம் வழக்குப் பேசும். என் நண்பர் போன் எடுத்துப் பார்த்ததைப் போல, ஆள் மாற்றி அனுப்பிச் சோதிப்பது அங்கே சாட்சியமாகவே எடுபடுகிறது. இலங்கையில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் எதை வைத்தும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது, 14ஆம் உறுப்புரை நாட்டுக்குள் விரும்பிய இடத்தில் குடியிருக்கும் சுதந்திரத்தைப் பிரசைகளுக்குத் தருகிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு என்று போனால், அது அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாக நடவடிக்கைக்கு எதிராகத்தான் இருக்க வேண்டும். கடை, உணவகம், ஹோட்டல் ஆகியவற்றில் தடை போடக்கூடாது என்று 12(3) பெயர் சொல்லியே சொல்கிறது, வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டிய ஓட்டை என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் மறுக்கும் ஓனரின் வாயைக் கவனியுங்கள். "எங்களுக்குப் பிரச்சினை இல்லை, பொலிஸ்தான் தமிழ் ஆட்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்றது" என்று சொன்னால் விஷயமே மாறிவிடுகிறது, அங்கே அரசின் கை வந்துவிட்டது. அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கப் பாருங்கள். முடியாவிட்டால் சொன்னவர், நாள், நேரம், பொலிஸ் நிலையத்தின் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். வீட்டில் இருப்பவர்களின் விவரத்தைப் பொலிஸ் கேட்பதற்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவைக் காட்டுவார்கள். கேட்டால் கொடுங்கள், ஆனால் அந்த லேனில் தமிழ் வீடுகளுக்கு மட்டும் படிவம் வந்ததா என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். அப்படி என்றால் முறையிட வேண்டியது அதைத்தான்.

இது வெறும் பேச்சில்லை. 2007 ஜூன் 7 விடியற்காலை, வெள்ளவத்தை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். காரணமில்லாமல் தங்கியிருக்கிறார்களாம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற சிவில் அமைப்பு உடனே உயர் நீதிமன்றத்துக்குப் போனது, மறுநாளே இடைக்காலத் தடை வந்தது, பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். வேகமாகப் போனதால்தான் அது நின்றது.

வேகம் என்றால் ஒரு மாதம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். சட்டத்தரணி வைக்கப் பணம் புரட்டுவதற்குள் அந்த மாதம் ஓடிவிடும், எத்தனையோ நியாயமான வழக்குகள் இதிலேயே செத்துப்போகின்றன. இதற்கு ஒரு வழி உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டுவிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டி வரும், ஆகவே கோப்பு இலக்கத்தையும் ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆணைக்குழுவின் தலைமையகம் ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில், பம்பலப்பிட்டிப் பக்கம். அவசர இலக்கம் 1996, சட்டம் வந்த ஆண்டும் அதுதான், மறக்காது. தமிழில் எழுதிக் கொடுங்கள், அது உங்கள் உரிமை. கதை எழுத வேண்டாம், யார், எந்த நாள், என்ன சொன்னார், மற்றவர்களை எப்படி நடத்தினார்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்தில் முடியுங்கள். அவர்கள் எதிர்த்தரப்பை அழைப்பார்கள், ஆவணம் கேட்பார்கள், இணக்கம் பேசிப் பார்ப்பார்கள், கடைசியில் பரிந்துரை கொடுப்பார்கள். அது தீர்ப்பில்லை. அதிகாரிகள் அதைக் கிடப்பில் போட்டால் ஆணைக்குழு ஜனாதிபதிக்கு அறிக்கை அனுப்பும், அது பாராளுமன்றத்துக்கும் போக வேண்டும்.

நகர அபிவிருத்தி அதிகாரசபையோ தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபையோ மாடி வீடு ஒதுக்கும்போது உங்களைத் தள்ளியதாகச் சந்தேகம் இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் (2016, இலக்கம் 12) கூடவே பயன்படுத்துங்கள். ஒதுக்கீட்டு அளவுகோலும் தெரிவுப் பட்டியலும் கேட்டு எழுதினால் தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு மாதக் கெடு அதற்காகக் காத்திருக்காது, முறைப்பாட்டை முதலில் போட்டுவிடுங்கள்.

இனி தனியார் ஓனர். வீடு கொடு என்று அவரைக் கட்டாயப்படுத்த இங்கே அலுவலகம் இல்லை. கொடுத்த அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை என்றால் அது பணத் தகராறு, வழக்கில்லாமல் இரு தரப்பையும் பேசித் தீர்க்க வைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அதற்கு ரசீது வேண்டும். ஏற்கனவே குடியிருக்கும் உங்களைப் பூட்டை மாற்றியோ சாமானை வெளியே வீசியோ துரத்தினால் கைகட்டி நிற்க வேண்டாம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66, 68ஆம் பிரிவுகளின்படி, பலவந்தமாக வெளியேற்றப்பட்ட இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குத் தகவல் போனால், திரும்பவும் உள்ளே விடும்படி நீதவான் உத்தரவிடலாம். பொலிஸ் தகவல் கொடுக்காவிட்டால் நீங்களே நேரடியாகக் கொடுக்கலாம். இனம் என்ன என்று அங்கே நிரூபிக்கத் தேவையில்லை, இருந்தீர்கள், துரத்தப்பட்டீர்கள் என்பது போதும்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத் தொகுதியில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவதே அவர்களின் வேலை. காலையிலேயே போங்கள். வாடகை ஒப்பந்தம், மின்கட்டணப் பட்டியல், வாடகை கட்டிய வங்கிச் சீட்டு, கிராம சேவகரின் கடிதம், அந்த வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்பிரதி எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.