கூட்டு வியாபாரத்திலிருந்து விலகுகிறவர் செய்ய வேண்டியவை

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அரிசி ஆலைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். இங்கே கூட்டு பிரிவது பெரும்பாலும் பேச்சோடு முடியும். பணத்தை வாங்கிக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, விலகுகிற அண்ணாச்சி தன் வீட்டுக்குப் போய்விடுவார். கார் போக அறுப்போடு அப்படி விலகிய ஒருவர் வீட்டு வாசலில், அதற்கு அடுத்த பிசானப் போகத்தில் ஆலைக்குக் கடனாக வந்த நெல்லுக்குக் காசு கேட்டு வியாபாரி வந்து நின்றார். சட்டம் வியாபாரி பக்கம்தான்.

1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவுப்படி, பொது அறிவிப்பு கொடுக்கும்வரை ஆலை பேரில் மற்றவர்கள் வாங்கும் கடனுக்கு விலகியவரும் பொறுப்பு. அவர் பழைய லெட்டர்பேடில் நெல் வாங்கினால் ஆலையும் மாட்டும். அவர் கூட்டாளி என்றே தெரியாமல் கொடுத்தவர் மட்டும் அவரிடம் கேட்க முடியாது.

எனவே விலகும் தேதியைப் போட்டுப் பத்திரம் எழுதி, எல்லோரும் கையெழுத்திடுங்கள். அப்புறம் அறிவிப்பு. தமிழ்நாடு அரசிதழிலும், மாவட்டத்தில் ஓடும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் வர வேண்டும். பதிவான நிறுவனம் என்றால் கூட்டு நிறுவனங்களின் பதிவாளருக்கும் (Registrar of Firms) தெரிவிக்க வேண்டும். பேப்பரில் மட்டும் போட்டுவிட்டு நிறுத்துகிறார்கள், அது போதாது. விலகுகிறவரே அறிவிப்பு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. தயவுசெய்து மற்றவர்களை நம்பி விடாதீர்கள். அவர்களுக்கு இதில் அவசரமே கிடையாது. நெல் வியாபாரிகளுக்குத் தனித்தனியாகப் பதிவுத் தபாலும் அனுப்பச் சொல்வேன்.

ஜி.எஸ்.டி. ஆணையருக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். தவறினால், கடிதம் அவருக்குக் கிடைக்கும் நாள்வரை வரிப் பொறுப்பு நீளும்.

பழைய கடனை எந்த அறிவிப்பும் அழிக்காது. 'பேங்க் கடனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று கூட்டாளிகள் பத்திரத்தில் எழுதித் தந்தாலும் அது பேங்கைக் கட்டுப்படுத்தாது. கடன் கொடுத்தவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் விடுதலை. சொந்த ஜாமீன் கையெழுத்து, ஈடு வைத்த வீட்டுப் பத்திரம் இரண்டையும் விடுவித்ததாக பேங்கிடம் எழுத்தில் வாங்காமல் பங்குப் பணத்தைப் பேசி முடிக்காதீர்கள். செக் கையெழுத்தையும் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எதிரிலேயே புது ஆலை போடலாம். பழைய பேரை வைக்கவோ பழைய வாடிக்கையாளர்களை இழுக்கவோ கூடாது. கணக்குத் தீர்க்காமல் உங்கள் பங்கை வைத்தே தொழில் நடத்துகிறார்களா? அந்தப் பணத்தால் வந்த லாபத்தையோ, ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கலாம். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.