மூச்சு வாங்கும்போது என்ன நடக்கிறது? மாடிப்படியில் பார்த்துவிடலாம்

நான் பள்ளியில் பி.டி. வாத்தியார். மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டால் இரண்டாவது ரவுண்டிலேயே யாராவது ஒருவன் "சார், ஆக்சிஜன் பத்தலை" என்று நின்றுவிடுவான். அவனைச் செய்யச் சொல்வதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். கூட ஒரு ஆளும் செல்போன் டைமரும் போதும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மாடி ஏறும் பகுதியை விட்டுவிடுங்கள்.

முதலில் மல்லாந்து படுத்து, ஒரு கையை நெஞ்சிலும் மற்றதை வயிற்றிலும் வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, கூட இருப்பவர் உங்களுக்குத் தெரியாமல் ஒரு நிமிட மூச்சை எண்ணட்டும். எண்ணுவது தெரிந்தாலே மூச்சு மாறிவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை வரும்.

வயிற்றுக் கைதான் அதிகம் அசையும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்க, நெஞ்சுக்கூடு விரிந்து காற்று உள்ளே வருகிறது. வெளியே விட உழைப்பே இல்லை, விரிந்த நுரையீரல் பலூன் மாதிரி தானே சுருங்கிக்கொள்ளும். ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மி.லி. காற்று. அதில் 150 மி.லி. மூக்கிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிடும், ரத்தம் வரை போகாது. இந்த 150 பின்னால் தேவைப்படும்.

சரி, இப்போது மூன்று மாடி வேகமாக ஏறுங்கள். வயிற்றில் கை வைத்தால் தசை இறுகிக் காற்றை வெளியே தள்ளுவது தெரியும். கடுமையாக ஓடினால் மூச்சு நிமிடத்துக்கு 40-ஐத் தாண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டராக இருந்த காற்று, நல்ல பயிற்சி உள்ளவருக்கு 100 லிட்டருக்கும் மேலே போகும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் கிடந்தால் விரலில் மாட்டுங்கள். இவ்வளவு இளைப்பிலும் ஆரோக்கியமானவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. அப்புறம் ஏன் இளைக்கிறது? கால் அசையத் தொடங்கியதுமே மூளையும் தசைகளும் மூச்சைக் கூட்டிவிடுகின்றன. அதன்பின் தசைகள் கொட்டும் கரியமில வாயு சேராமல் மூளையின் அடிப்பகுதியான முகுளம் பார்த்துக்கொள்கிறது. அதற்குத்தான் அத்தனை வேகம்.

இளைக்கும்போது பையன்கள் நாய் மாதிரி மேலோட்டமாக வாங்குவார்கள். கணக்குப் போடுங்கள்: 500 மி.லி. வீதம் 40 மூச்சு என்றால் 20 லிட்டர், அதில் மூச்சுக்கு அந்த 150 மி.லி. வீதம் 6 லிட்டர் வீண். ஒரு லிட்டர் வீதம் 20 மூச்சு என்றாலும் அதே 20 லிட்டர்தான், வீணாவது 3. அதனால் நான் சொல்வது: வாயைக் குவித்து நன்றாக வெளியே ஊது, உள்ளே இழுப்பது தானாக ஆழமாகும். மூக்கால் மட்டும்தான் என்ற பிடிவாதம் ஓட்டத்தில் எடுபடாது.

முடித்ததும் உட்காராமல் மெல்ல நடங்கள். மூச்சு பழைய எண்ணிக்கைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவைத்து, சில வாரம் ஓடிப் பழகிய பின் அதே மாடியில் மறுபடி பாருங்கள். நேரம் குறைந்திருக்கும். நுரையீரல் அப்படியேதான் இருக்கும், தேறுவது இதயமும் கால் தசையும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ மட்டும் எண்ணிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.