பிஸ்டன் பின்னைக் கழற்ற சுத்தியல் வேண்டாம், புல்லர் போதும்

பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜினைப் பிரித்தபோது, பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பிஸ்டன் பின் அசையவே இல்லை. தட்டி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடிக்கிற அடியெல்லாம் கனெக்டிங் ராட் மேல்தான் விழும். அது வளைந்தால் செலவு பிஸ்டனோடு நிற்காது.

முதலில் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸின் வாயைத் துணியால் அடைத்தேன். பின்னை நகராமல் பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்ளிப் தெறித்து உள்ளே விழுந்தால் பெரிய வேலையாகிவிடும். இரண்டு சர்க்ளிப்பையும் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சர்க்ளிப் உட்காரும் காடியின் விளிம்பில் மெல்லிய பிசிறு, பக்கத்திலேயே கருகிய எண்ணெய்ப் படலம். பின் நகராததற்குப் பாதிக் காரணம் இதுதான். ஊசி அரத்தால் பிசிறை இழைத்து, படலத்தைச் சுரண்டித் துடைத்தேன்.

அப்புறம் புல்லர், அதாவது பின்னை இழுத்தெடுக்கும் கருவி. மரை போட்ட நீளக் கம்பியைப் பின்னின் துளை வழியாக விட்டேன். ஒரு முனையில் பின்னைவிடச் சற்றே சிறிய வாஷர். மறுமுனையில் பின் நுழையும் அளவுக்கு அகலமான குழாய், அதன் வாயில் பிஸ்டனைக் கீறாதபடி ரப்பர். ஹீட் கன்னால் பிஸ்டனைச் சூடாக்கினேன். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளர்ந்துவிடும். நட்டை மெதுவாகத் திருப்ப, 'டக்' என்று ஒரு சத்தம். பின் வழுக்கிக்கொண்டு குழாய்க்குள் வந்தது.

கழற்றிய சர்க்ளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். புதுசின் வாய், அதாவது வளையத்தின் இடைவெளி, நேர் மேலேயோ நேர் கீழேயோ பார்த்து இருக்கட்டும்.