மார்ச் ஐடஸ்: சீசர் செத்த நாளைப் பற்றிச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் ஐடஸ், அதாவது மார்ச் 15 வந்தாலே "ரோமானியர்கள் காலங்காலமாக நடுங்கிய நாள்" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு. ரோமானியர்களுக்கு அது திருவிழா நாள்.

ஐடஸ் என்பது மாத நடுவில் வரும் நாள், ரோமானியரின் தலைமைக் கடவுளான யூப்பிட்டருக்கு உரியது. மார்ச் ஐடஸில் அன்னா பெரன்னா என்ற தேவதைக்கும் விழா எடுப்பார்கள். ரோமானியக் கவிஞர் ஓவிட் தன் கவிதையில் அதை அப்படியே காட்டுகிறார்: சனங்கள் டைபர் ஆற்றங்கரைப் புல்லில் ஜோடி ஜோடியாகச் சாய்ந்திருக்கிறார்கள். சிலர் மரக்கிளைகளை ஒடித்துக் குடில் போடுகிறார்கள், சிலர் நாணல் தட்டைகளை நட்டு மேலே தங்கள் அங்கியை விரித்து நிழல் செய்துகொள்கிறார்கள். எத்தனை கோப்பை மது உள்ளே போகிறதோ அத்தனை வருட ஆயுள் வேண்டுமென்று எண்ணி எண்ணிக் குடிக்கிறார்கள். திரும்பும் வழியில் போதையேறிய கிழவி ஒருத்தி, போதையேறிய கிழவனை இழுத்துக்கொண்டு போகிறாள். பயந்த சனங்களா இவர்கள்?

அவர்கள் உண்மையில் ஒதுக்கிய நாள், ஐடஸுக்கு மறுநாள். அதைக் கருப்பு நாள் என்றார்கள், புதுக் காரியம் தொடங்க மாட்டார்கள். கௌல் இனப் படையிடம் அல்லியா ஆற்றருகே தோற்ற ஜூலை 18-ம் அப்படியொரு கெட்ட நாள்.

எல்லா மாதமும் ஐடஸ் 15-ம் தேதி என்று எழுதுவதும் பிழை. மார்ச், மே, ஜூலை, அக்டோபரில் மட்டும்தான் 15. மற்ற எட்டு மாதங்களில் 13.

சரி, அபசகுனம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? கி.மு. 44-ல் அந்த நாளில் சீசர் கொல்லப்பட்டார். பலி விலங்கின் குடல் பார்த்துக் குறி சொல்லும் ஸ்புரின்னா அவரை எச்சரித்திருந்தார். ஆபத்து ஐடஸ் தாண்டாது என்றுதான் சொன்னார், அந்த ஒரு நாளை மட்டும் குறிப்பிடவில்லை. "ஐடஸ் வந்துவிட்டதே" என்று சீசர் கேலி பண்ண, "வந்தது, இன்னும் போகவில்லை" என்றாராம் ஸ்புரின்னா. ஷேக்ஸ்பியர் நாடகத்தில்தான் இது "மார்ச் ஐடஸ், ஜாக்கிரதை" என்று சுருங்கி உலகம் முழுக்கப் பரவியது.

கொலை நடந்த இடத்திலும் அந்த நாடகமே நம்மைத் தடுமாற வைக்கிறது. அது கேப்பிட்டல் குன்று அல்ல. பாம்பே என்ற ரோமானியத் தளபதி கட்டிய நாடக அரங்க வளாகத்து மண்டபத்தில் அன்று செனட் கூடியிருந்தது. இன்றைய ரோமில் லார்கோ அர்ஜென்டினா சதுக்கத்தில் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம். உடலில் 23 குத்துகள். மார்பில் விழுந்த இரண்டாவது குத்துதான் உயிரைக் குடித்தது என்றார் பரிசோதித்த மருத்துவர் அன்டிஸ்டியஸ்.

அப்புறம் நம் ஊரிலும் ஓயாமல் புழங்கும் "நீயுமா புரூட்டஸ்?" அதை, தன்னைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸிடம் சீசர் சொன்னதாக வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் குத்தில் ஒரு முனகல், அதற்குமேல் பேச்சில்லை என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சூடோனியஸ். "நீயுமா, பிள்ளையே" என்று கிரேக்கத்தில் கேட்டதாகச் சிலர் சொல்வதையும் தனியாகக் குறிக்கிறார். சீசரைப் பேரரசர் என்றும் எழுத வேண்டாம், அவர் ஆயுட்கால சர்வாதிகாரி.

செத்தபிறகும் ஒரே தீர்ப்பு வரவில்லை. செனட் அந்த நாளுக்குத் 'தந்தைக்கொலை' என்று பெயரிட்டு, இனி அன்று கூடுவதில்லை என்று முடிவெடுத்தது. புரூட்டஸோ இரண்டு குறுவாள், நடுவில் விடுதலைத் தொப்பி (விடுதலையான அடிமைகள் அணிவது), கீழே 'மார்ச் ஐடஸ்' என்று பொறித்து நாணயமே அடித்தார்.